எத்தனை கே என்று கேட்காதீர்கள்

கேமராவோ டிவியோ வாங்கக் கிளம்புகிறவரை மடக்கிச் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை கே? 4கே என்றால் சரி என்று தலையாட்டுவார்கள். 8கே என்றால் வாயைப் பிளப்பார்கள். வெறும் எச்டி என்று சொல்லிவிட்டால், கையில் காசு முடையா என்பது போல் ஒரு பார்வை விழும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள் விலைப்பட்டியலின் உச்சியில் 4கே என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஒலிக்கு என்ன ஏற்பாடு என்று அதே பட்டியலில் தேடினால் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. எண் கூடினால் படம் கூடும், படம் கூடினால் வீட்டுக்குள் தியேட்டர் வந்துவிடும் என்பது இன்று கேள்வி கேட்கக் கூடாத நம்பிக்கை ஆகிவிட்டது. அந்த நம்பிக்கையால் நம் பணம் தப்பான இடத்தில் போய் விழுகிறது என்பதே என் வழக்கு.

சுங்கை வேக்காரர்களும் இதற்கு ஆளாவதுதான் எனக்கு வியப்பு. மலாயா அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான ஊர் இது. 1972-இல் பக்கத்திலேயே சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. மோட்டரோலா வந்தது, அந்த ஆலைதான் பின்னால் ஃப்ரீஸ்கேல் ஆகி, இப்போது என்எக்ஸ்பி. வெஸ்டர்ன் டிஜிட்டல் இங்கே ஹார்ட் டிஸ்க் செய்தது. நெடுஞ்சாலையில் மேற்கே ஷா ஆலாமில் பேனசோனிக், ஜேவிசி ஆலைகள் எழுந்தன. தெற்கே பாங்கியில் சோனியின் டிவி ஆலை. தோட்டத்து லயங்களிலிருந்து வந்த நம் பெண்கள் ஆலை பஸ் ஏறி, ஷிப்ட் மாற்றி மாற்றி, உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து உலகத்துக்கே சில்லு பார்த்துக் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும், உள்ளே இருப்பது சோதனை மேசையில் தேற வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே சோதனையைக் கடையில் நாம் வைப்பதில்லை.

முதலில் நம் கண்ணையே சோதிப்போம். கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தரும் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகள் அதற்கு ஒன்றாகவே தெரியும். 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். முழு எச்டி திரையில் அந்த அகலத்தை 1920 புள்ளிகள் பங்கிட்டுக்கொள்கின்றன; ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியே தெரியாது. எச்டியின் புள்ளியே தெரியாத தூரத்தில், அதை நாலாக உடைத்த 4கே புள்ளி மட்டும் எப்படித் தெரியும்? நம் டெரஸ் வீட்டு ஹாலில் சோபா ஒரு சுவரில் ஒட்டியிருக்கும், டிவி எதிர்ச் சுவரில் தொங்கும். இடைவெளி பெரும்பாலும் 3 மீட்டர் பக்கம் வரும். 75 அங்குலத்துக்குப் போனாலும் எச்டி புள்ளி மறையும் எல்லை அந்த 3 மீட்டரில்தான் நிற்கிறது. இளவட்டங்களின் கூர்மையான கண் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரிக்கும், அவ்வளவுதான். 55 அங்குலத்தில் 4கே-யின் 8.3 மில்லியன் புள்ளிகளையும் ஒன்று விடாமல் அனுபவிக்க வேண்டுமானால் சோபாவைத் திரைக்கு 1.1 மீட்டர் தூரத்துக்கு இழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் நாம் திட்டுவோம்.

"கடையில் என் கண்ணாலேயே வித்தியாசத்தைப் பார்த்தேனே!" என்பார்கள். பார்த்திருப்பார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் கடையில் டிவி ஓடுவது கடை முறையில். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும், ஓடுவது கிளியும் பூவும் பழமும் நிறைந்த, தயாரிப்பாளரே தந்த மாதிரிப் படம், பார்ப்பவர் நிற்பது ஒரு கை தூரத்தில். அவர் கண்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு எச்டிஆர் என்ற ஒளி வீச்சால் வருவது. எச்டிஆர் உண்மையான முன்னேற்றம், அதை நான் மறுக்கவில்லை. இருட்டுக்குள் இருட்டும் விளக்குக்குள் விளக்குமாகப் பிரித்துக் காட்டும் ஆற்றல் அது. ஆனால் அது பேனலின் பிரகாசத்தையும் கருமையையும் பொறுத்தது. புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலிவான 4கே டிவிகள் எச்டிஆர் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும். அதைக் காட்டும் பிரகாசம் பலவற்றில் கிடையாது. பெட்டியில் ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். அடுத்த முறை விற்பனையாளரிடம் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, படத்தை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' முறைக்கு மாற்றி, அசைவை மழுமழுவென்று ஆக்கும் வசதியை நிறுத்திவிட்டு, மூன்று மீட்டர் பின்னால் வந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

திரைக்கு வந்து சேரும் சரக்கையும் பார்க்க வேண்டும். நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முற்றாக நின்றது. மைடிவி வழியாக வரும் ஆர்டிஎம் அலைவரிசைகளின் உச்சம் எச்டி. ஆஸ்ட்ரோ எச்டி சேவையை 2009 டிசம்பரில் தொடங்கி, 4கே பெட்டியை 2019-இல் கொண்டுவந்தது. நம் வீடுகளில் மாலை முழுக்க ஓடும் தமிழ் அலைவரிசைகள் எச்டியோடு நிற்கின்றன. மிஞ்சியிருப்பது இணையம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்கும் வேகம் விநாடிக்கு 15 மெகாபிட். 2006-இல் சோனியும் பேனசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில், ஒரு சாதாரண எச்டி ஹேண்டிகேம் விநாடிக்கு 24 மெகாபிட் வரை எழுதியது. புதிய சுருக்க முறை பாதி பிட்டிலேயே அதே தரம் தரும் என்று தள்ளுபடி கொடுத்தாலும், நாலு மடங்கு புள்ளிகளுக்கு இந்தப் பங்கு போதாது. ஒரு பானைச் சோற்றை நாலு பந்திக்குப் பரிமாறுகிற கதை. 4கே புளூரே தட்டு விநாடிக்கு 128 மெகாபிட் வரை போகும். அந்தத் தட்டை வாங்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

சினிமாக்காரர்களே இந்த எண்ணை நம்பியதில்லை. 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா கேமராவின் சென்சார் 2.8கே; 4கே அளவுக்குப் பதிவு செய்யவே அதனால் முடியாது. அதை வைத்துத்தான் 'ஹ்யூகோ' எடுத்தார்கள், 'ஸ்கைஃபால்' எடுத்தார்கள், புதுச்சேரித் தெருக்களைக் காட்டிய 'லைஃப் ஆஃப் பை' எடுத்தார்கள். ஹ்யூகோவும் லைஃப் ஆஃப் பையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கரை வாங்கின. அப்போது சந்தையில் அதைவிடப் பெரிய எண் போட்ட கேமராக்கள் இருந்தன. அலெக்ஸாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டது வேறு: முகத்தின் நிறம் எப்படி வருகிறது, ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போகாமல் நிற்கிறதா, இருட்டில் அழுக்கு தெரிகிறதா. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு 4கே கேமராதான் வேண்டும் என்று விதித்தபோது, ஆஸ்கர் வாங்கிய அந்தக் கேமராவே தகுதி இழந்தது. விதி எழுதுவோருக்கு எண் வசதி, எண்ணிச் சரிபார்த்துவிடலாம்.

நம் கல்யாண மண்டபத்துக்கு வருவோம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் நல்ல கேமராவைத் தேடும் சந்தர்ப்பம் அதுதான். மண்டபத்தில் வெளிச்சம் சீராக இருக்காது. மணவறையில் கண் கூசும் விளக்கு, பந்தியில் மங்கல், கோயிலுக்குள் எண்ணெய் விளக்கு. தைப்பூசத்துக்குப் பத்து கேவ்ஸில் காவடி எடுப்பவர் விடியுமுன் ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொள்ளும்போது கேமராவுக்குக் கிடைப்பது தெருவிளக்கின் மிச்சம். இங்கே உதவுவது சென்சாரின் பரப்பு. சிறிய கேமராக்களிலும் பழைய போன்களிலும் உள்ள 1/2.3 அங்குலச் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஓர் அங்குலச் சென்சார் என்பது சுமார் 116 சதுர மில்லிமீட்டர், நாலு மடங்கு. முன்னதில் 4கே-யைத் திணித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் எச்டியில் விழுவதன் கால்வாசி. படத்தில் பொரிபொரியாக இரைச்சல் தெரியும், அதை அழிக்கப் போய் கேமரா முகத்தை மெழுகாக்கிவிடும். லோயாட் பிளாசா கடைகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி சென்சார் எவ்வளவு பெரியது என்பது. இரண்டாவது, வெளிநாட்டுச் சந்தைக்கான செட் என்றால், அதை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடியுமா என்பது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்கச் செய்த, 60 ஹெர்ட்ஸ் கணக்கில் மட்டும் ஓடும் கேமராவைக் கொண்டுவந்து மண்டபத்து விளக்கில் ஓட்டினால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். எத்தனை கே-யாக இருந்தாலும் ஓடும்.

எதிர்த்தரப்புக்கு இங்கே நியாயமான வாதம் ஒன்று உண்டு. வீட்டுக் கேமராக்கள் நிறத்தை முழுதாகப் பதிவதில்லை. நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சிக்கனம் பிடிக்கின்றன. கூரைப்புடவையின் சிவப்பில் ஜரிகை வேலைப்பாடு குழம்பிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். 4கே-யில் எடுத்து எச்டியாகச் சுருக்கினால் அந்தக் குறை தீரும். காட்சியைக் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கவும் இடம் கிடைக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது போதிய வெளிச்சத்தில், போதிய பிட்டில், நிதானமாகத் தொகுப்பவரின் கையில் கிடைக்கும் லாபம். இதைக் காட்டி, ஒரு மணிநேரக் காட்சியை மெமரி கார்டில் நசுக்கி எழுதும் மலிவுக் கேமராவை விற்பது ஏமாற்று.

ஒலி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. நம் கல்யாணத்தைப் போல் ஒலியைச் சோதிக்கும் நிகழ்ச்சி உலகில் அபூர்வம். ஐயர் மந்திரம் முணுமுணுக்கிறார், அடுத்த நொடி "கெட்டி மேளம்!" என்று குரல் எழ, தவிலும் நாதஸ்வரமும் கூரையைப் பிளக்கின்றன. போனிலும் சிறிய கேமராவிலும் உள்ள மைக் தானாகவே ஒலியைச் சரிக்கட்டும். மேளம் எழுந்ததும் அது பயந்து அளவைக் கீழே இழுக்கிறது; மேளம் நின்றபின் மெல்ல மெல்ல மேலே ஏற்றுகிறது. தாலி ஏறும் நேரத்தில் மேளம் கரகரப்பாகவும், அதன் பின் பெரியவர்கள் வாழ்த்தும்போது ஏர்கோன் இரைச்சல் வாழ்த்தைவிட உரக்கவும் பதிவாகிறது. உறுமி மேளத்தின் கீழ்ச்சுருதியோ சிறிய மைக்கில் பெரும்பாலும் சரியாகப் பதியாது. இதற்குத் தீர்வு கஷ்டமானதல்ல: ஒலி அளவைக் கையால் நிறுத்தி வைக்கும் வசதி, வெளி மைக் மாட்டும் ஓட்டை, மாப்பிள்ளையின் ஜிப்பாப் பையில் ஒரு சின்ன ரெக்கார்டர். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு எச்டியிலிருந்து 4கே-க்குத் தாவும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. படம் சுமாராக இருந்தாலும் பாட்டியின் குரல் தெளிவாக இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள். குரல் போன 4கே படத்தைப் பேரப்பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள்.

போனே 4கே எடுக்கிறதே, தனியாகக் கேமரா எதற்கு என்பவர்களுக்கும் இதுதான் பதில். பிறந்தநாள் கேக் வெட்ட போன் போதும். மூன்று மணிநேரச் சடங்கை நிறுத்தாமல் எடுக்க, தூரத்திலிருந்து லென்ஸாலேயே நெருங்கிப் பிடிக்க, சூடேறி அணைந்துவிடாமல் இருக்க அது செய்யப்பட்டதல்ல. பெரிய ஸ்டில் கேமராக்களிலும் ஒரு பொறி உண்டு. அரைமணியும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்கம் வீடியோ கேமராவாகக் கணக்கெடுத்து வரி போட்டதால், பல மாடல்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நின்றுவிடும்படி செய்யப்பட்டன. ஐரோப்பிய வரிக்காக நம் முகூர்த்தம் காத்திருக்காது. புதிய மாடல்கள் சிலவற்றில் இந்தத் தடை நீங்கியிருக்கிறது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுத் தியேட்டர். இங்கே எண்ணின் ஆட்சி இன்னும் மோசம். ஒருகாலத்தில் மினி காம்போ பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கான வாட் அச்சடித்து விற்றார்கள். ஸ்பீக்கர் தொடர்ந்து தரும் உண்மையான ஆற்றலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்போது அதே வேலையைக் கேபிள் செய்கிறது. தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிளால் நிறம் செழிக்கும், ஒலி இனிக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். எச்டிஎம்ஐ-யில் போவது எண்கள். வந்து சேர்ந்தால் முழுப் படம். வழியில் தவறினால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும் அல்லது கறுத்துப் போகும். கொஞ்சம் மங்கலான சிவப்பு, கொஞ்சம் கெட்டியான கறுப்பு என்று நடுவில் ஒன்றும் கிடையாது. 4கே எச்டிஆருக்கு விநாடிக்கு 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹைஸ்பீட்' சான்று போதும். விளையாட்டுப் பிரியர்களுக்கு 48 கிகாபிட்டின் 'அல்ட்ரா ஹைஸ்பீட்'. உறையில் ஸ்கேன் செய்யும் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் மட்டும் கவலைப்படுங்கள். தங்கம் துருவைத் தடுக்கும், அவ்வளவே. மிச்சப்பட்ட வெள்ளியோடு புடுவில் ஜாலான் பாசார் பக்கம் போனால் நல்ல செம்பு ஸ்பீக்கர் ஒயர் கிடைக்கும்.

அந்த ஸ்பீக்கரை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் எண்ணில் வராத சங்கதி. சினிமா வசனம் கிட்டத்தட்ட முழுதும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. 'எத்தனை சேனல்' என்று எண்ணி ஏழு, ஒன்பது வாங்குபவர் நடு ஸ்பீக்கரை அலமாரிக்குள் புதைத்துவிட்டு, பேச்சே புரியவில்லை என்று சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறார். நம் ஹால்களில் டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், கண்ணாடிக் கதவு, இரும்பு கிரில். ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் திரும்பித் திரும்பி அடிக்கிறது. தடிப்பான திரைச்சீலையும் ஒரு கம்பளமும் செய்யும் நன்மையை எந்த ஆம்ப்ளிபயரும் செய்யாது. சப்வூஃபர் வேறு; பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவர் அதைத் தடுக்காது, உங்கள் வீட்டு வெடிச் சத்தத்தில் அவர்கள் வீட்டுக் குழந்தை எழும். மூன்று நல்ல ஸ்பீக்கர் ஒன்பது சில்லறை ஸ்பீக்கரை வெல்லும் என்பதை ஒரே ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும்.

துணைச் சாதனங்களில் எனக்கு மதிப்புள்ளவை இரண்டு, இரண்டையும் யாரும் பரிசாகத் தருவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மிகுந்த பகுதிகளுள் ஒன்று; மதியம் வானம் கறுத்துவிட்டால் இன்னோர் இடி நிச்சயம். மின் கம்பி வழியாக மட்டுமல்ல, ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கேபிள் வழியாகவும் அந்த வீச்சு டிவிக்குள் நுழையும். இரண்டு வழியையும் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், வீட்டின் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். நேரே விழும் இடிக்கு அதுவும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மற்றது கேமராவுக்கு. இந்த ஈரப்பதத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைக்கும் டிரை கேபினெட் நல்லது. கட்டுப்படியாகாதென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி.

கடைசியாக வருவது எதிர்கால வாதம்: "இன்னும் இருபது வருஷம் கழித்து திரைகள் பெரிதாகிவிடும், அப்போது எச்டி அசிங்கமாக இருக்கும்." இருக்கட்டும். அன்றைக்குப் படம் கையில் இருக்குமா? விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 கிகாபைட். இரண்டு கேமரா, இரண்டு நாள் சடங்கு என்றால் ஒரு டெராபைட்டைத் தொடும். இதை முழுதாக வைத்துக்கொள்ள முடியாமல், படமெடுத்தவர் நசுக்கிச் சுருக்கி ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறார். மூலத்தைச் சில மாதத்தில் அழித்துவிடுகிறார். உங்கள் கைக்கு வந்தது 4கே என்ற பெயர் மட்டும். ஹார்ட் டிஸ்க்கும் அழியாப் பொருள் அல்ல. அதைச் செய்த சுங்கை வே ஆலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018 ஜூலையில் அறிவித்து, அடுத்த ஆண்டோடு உற்பத்தியை நிறுத்தியது; ஊர்க்காரர்களுக்கு இது நினைவிருக்கும். ஆகவே எச்டியில் எடுங்கள், 24 மெகாபிட்டில் மணிக்கு 11 கிகாபைட்டுக்குள் அடங்கும். மிச்சப் பணத்தில் இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றை அண்ணன் வீட்டிலும் ஒன்றை உங்கள் வீட்டிலும் வையுங்கள், சில ஆண்டுக்கொரு முறை புதியதற்கு மாற்றுங்கள். படமெடுப்பவரிடம் முன்பணம் நீட்டுமுன், சுருக்காத மூலக் கோப்புகள் அனைத்தும் எனக்கு வேண்டும், தாலி கட்டும்போது தனி மைக் ஓட வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த இரண்டு வரிக்கு மழுப்புகிற 4கே-க்காரரை அனுப்பிவிட்டு, ஒப்புக்கொள்கிற எச்டிக்காரரைப் பிடியுங்கள்.